மீனுக்கு வலிக்குமா, தூண்டில் போடுவது தப்பா: கண்மாய்க் கரையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையைச் சுற்றி மழை பெய்து கண்மாய் பெருகிவிட்டால் மடை ஓரத்திலும் கலுங்குப் பக்கமும் தூண்டிலோடு ஆள் உட்கார்ந்துவிடும். கூடவே இந்தக் கேள்விகளும் வந்துவிடும். சைவம் சாப்பிடுகிறவர்கள் ஒரு மாதிரி கேட்பார்கள், மீன் பிடிக்கிறவர்கள் வேறு மாதிரி கேட்பார்கள், பிள்ளைகள் முகத்துக்கு நேரே கேட்டுவிடும். திரும்பத் திரும்ப வந்தவற்றை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். நான் தூண்டில் போடுகிறவன், மீன் சாப்பிடுகிறவன். அதனால் நடுநிலையாக எழுதியிருக்கிறேன் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம்.

சுத்தி வளைக்காமல் சொல்லுங்கள், மீனுக்கு வலிக்குமா வலிக்காதா?

வலிக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். இன்னொரு உயிருக்குள் புகுந்து பார்த்துவிட்டு வந்து சொல்ல யாராலும் முடியாது, அதனால் நூற்றுக்கு நூறு என்று யாரும் எழுதித் தர மாட்டார்கள். ஆனால் இருபது வருஷத்துக்கும் மேலாக வந்த ஆய்வுகளில் பெரும்பகுதி அந்தப் பக்கம்தான் சாய்கிறது. 2024ல் நியூயார்க்கில் விஞ்ஞானிகளும் தத்துவம் படித்தவர்களும் சேர்ந்து கையெழுத்துப் போட்டு ஓர் அறிக்கை விட்டார்கள். மீன் உட்பட முதுகெலும்புள்ள எல்லா உயிருக்கும் உணர்ந்து அனுபவிக்கிற தன்மை இருக்க நியாயமான வாய்ப்பு உண்டு, அப்படி இருக்கும்போது அதைக் கணக்கில் எடுக்காமல் முடிவு செய்வது பொறுப்பில்லாத வேலை என்பது அதன் சாரம். கவனியுங்கள், ‘வாய்ப்பு உண்டு’ என்றுதான் சொன்னார்கள், அடித்துச் சொல்லவில்லை. எனக்கு அது போதும்.

துள்ளுகிறது, சரி. அது அனிச்சைச் செயல்தானே? உடம்பு துள்ளினால் வலி என்று ஆகிவிடுமா?

சண்டை முழுக்க இந்த இடத்தில்தான் நடக்கிறது, அதனால் கொஞ்சம் நீளமாகவே பார்ப்போம். சூடான தோசைக்கல்லில் கை பட்டால் முதலில் கை விலகிவிடும், வலி அதற்கப்புறம்தான் தெரியும். கை விலகுவது தண்டுவடத்தோடு முடிகிற வேலை, ‘ஐயோ’ என்று தோன்றுவது மூளையில் நடக்கிற வேலை. மீனிடம் முதலாவது மட்டும் இருக்கிறதா, இரண்டாவதும் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

2003ல் எடின்பரோ பக்கத்தில், டாலி ஆட்டுக்குட்டியை உருவாக்கிய அதே ரோஸ்லின் ஆய்வு நிலையத்தில், லின் ஸ்நெடன் என்பவரும் விக்டோரியா பிரைத்வைட், மைக்கேல் ஜென்டில் என்ற இருவரும் டிரவுட் மீனை வைத்துப் பார்த்தார்கள். முகத்திலும் தலையிலும் 58 உணர்முனைகளைக் கண்டுபிடித்தார்கள், அதில் 22 அழுத்தம், சூடு இரண்டுக்கும் பதில் சொன்னவை, அதாவது காயத்தை உணர்கிற வகை. அந்த 22ல் 18 அமிலத்துக்கும் பதில் சொன்னவை. அடுத்து மீனின் உதட்டில் வினிகரில் இருக்கிற அமிலத்தையோ தேனீ விஷத்தையோ ஊசியில் ஏற்றினார்கள். மீன் பக்கவாட்டில் ஆடிக்கொண்டே இருந்தது, அமிலம் ஏற்றிய மீன்கள் உதட்டைத் தொட்டியின் அடியில் இருந்த கூழாங்கல்லில் உரசின, ஏறத்தாழ மூன்று மணி நேரம் இரையைத் தொடவில்லை. வெறும் உப்புத் தண்ணீர் ஊசி போட்ட மீன்கள் அதில் பாதிக்கும் குறைவான நேரத்தில் சாப்பிட வந்துவிட்டன. வலியைத் தணிக்கிற மார்ஃபின் மருந்தைக் கொடுத்ததும் இந்த ஆட்டமும் உரசலும் குறைந்தன.

இதைவிட என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது இன்னொன்று. டிரவுட் புதுப் பொருளைக் கண்டால் ஒதுங்குகிற மீன். பிள்ளைகள் அடுக்கி விளையாடுகிற சிவப்பு பிளாஸ்டிக் கட்டைகளால் ஒரு கோபுரம் செய்து தொட்டிக்குள் இறக்கினால் விலகித்தான் போகும். அமில ஊசி போட்ட மீன் விலகவில்லை, பக்கத்திலேயே நின்றது. மார்ஃபின் கொடுத்த பிறகு மறுபடியும் பயந்து ஒதுங்கியது. பல்வலிக்காரருக்கு எதிரே யார் நிற்கிறார் என்பதுகூட மண்டையில் ஏறாது இல்லையா, கிட்டத்தட்ட அதே நிலை. வெறும் அனிச்சைச் செயல் என்றால் கவனம் சிதற வேண்டிய அவசியமே இல்லை.

அப்புறம் வரிக்குதிரை மீன். செடி, கூழாங்கல் எல்லாம் வைத்த அறை ஒன்று, மொட்டையான அறை ஒன்று என்று கொடுத்தால் அது செடி உள்ள பக்கம்தான் போகும். அமிலம் ஏற்றிவிட்டு, மொட்டை அறையின் தண்ணீரில் மரத்துப்போகும் மருந்தைக் கரைத்து வைத்தால் அந்தப் பக்கம் போய் நிற்கிறது. பிடித்த இடத்தை விட்டுவிட்டு மருந்து இருக்கிற இடத்துக்குப் போகிறது என்றால், அதற்குள் ஏதோ ஒன்று ‘இது வேண்டாம்’ என்று சொல்கிறது.

எதிர்த்துப் பேசுகிறவர்களே இல்லையா?

இருக்கிறார்கள், முட்டாள்களும் இல்லை. அமெரிக்காவில் ஜேம்ஸ் ரோஸ் 2002லேயே, மனிதனுக்கு வலியை உணர்த்துகிற மூளைப் புறணி, அதாவது மூளையின் வெளி அடுக்கு, மீனுக்குக் கிடையாது, அதனால் வலி என்ற அனுபவமும் கிடையாது என்று எழுதினார். ஆஸ்திரேலியாவில் பிரையன் கீ 2016ல் அதையே இன்னும் அழுத்தமாகச் சொன்னார். மனிதனுக்கு நீடித்த, குடைகிற வலியைக் கொண்டுபோகிற மெல்லிய நரம்பிழைகள் டிரவுட்டிடம் நூற்றுக்கு நாலு அளவுதான் இருக்கின்றன என்பதும் அந்தத் தரப்பு எடுத்துக்காட்டுகிற உண்மை. 2008ல் இந்த அமில ஊசிச் சோதனையைத் திரும்பச் செய்த வேறொரு குழுவுக்கு ஆட்டமும் உரசலும் கிடைக்கவில்லை. அமிலத்தின் அடர்த்தி அதிகமாகி நரம்பே மரத்திருக்கும் என்று ஸ்நெடன் தரப்பு பதில் சொன்னது.

மூளைப் புறணி வாதம் எனக்கு ஒட்டவில்லை. காக்காவுக்கும் அந்த அடுக்கடுக்கான புறணி கிடையாது. அது செய்கிற திருட்டுத்தனத்தைப் பார்த்தவர்கள் யாரும் அதற்கு அறிவில்லை என்று சொல்ல மாட்டார்கள். ஒரே வேலையை வேறு உறுப்பால் செய்கிற உயிர்கள் நிறைய. ஆனால் மீனின் வலி நம் வலி மாதிரியே இருக்கும் என்று நினைப்பதும் தப்பு. அந்த எச்சரிக்கையை எதிர்த்தரப்பிடமிருந்து வாங்கிக்கொள்ளலாம்.

வலித்தால் கத்த வேண்டாமா?

கெளுத்தியைப் பிடித்துப் பாருங்கள். பக்கத்து முள்ளை அதன் குழியில் தேய்த்து ‘கொர்ர் கொர்ர்’ என்று சத்தம் போடும். கையில் பிடித்திருந்தால் அந்த அதிர்வு விரலிலேயே தெரியும். அது எதிரியை மிரட்டுகிற சத்தம், அதை வைத்து வலி என்று நான் வாதாட மாட்டேன். அதே மாதிரி, கெண்டை சத்தமே போடவில்லை என்பதை வைத்து வலியில்லை என்றும் வாதாட முடியாது. நுரையீரலும் குரல்வளையும் இல்லாத உயிரிடம் அலறலை எதிர்பார்க்கிறோம்.

மீனுக்கு மூணு செகண்டுதானே ஞாபகம்?

சும்மா சொல்வது. நெதர்லாந்தில் பியூகேமா என்பவர் 1970ல் வெளியிட்ட தூண்டில் சோதனையில், ஒரே ஒருமுறை முள்ளில் மாட்டித் தப்பிய கெண்டைகள் அதற்கப்புறம் அவ்வளவு சுலபத்தில் மாட்டவில்லை. பைக் என்கிற வேட்டை மீன் சுழலும் தகட்டுத் தூண்டிலை ஒரு அனுபவத்திலேயே ஒதுக்கக் கற்றுக்கொண்டது. ஆனால் உயிருள்ள இரையை வைத்தால் பழையபடி வந்து கவ்வியது. ‘போன வாரம் மாட்டின மீனே திரும்ப வந்து மாட்டுது, வலிச்சா வருமா’ என்று கேட்பவர்களுக்கும் இதுதான் பதில். பசி வலியை மறக்க வைக்கும், மனிதனுக்கும் அப்படித்தான்.

தூண்டில் முள் குத்துவதுதான் பெரிய கொடுமையா?

இல்லை என்பதுதான் என் கருத்து. இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்ததே இதைச் சொல்லத்தான். எல்லாரும் முள்ளையே பார்க்கிறோம். முள் குத்துவது ஒரு நொடி, இழுப்பது ஒரு நிமிஷம் இரண்டு நிமிஷம். அதற்கப்புறம் பிளாஸ்டிக் வாளியில், சாக்குப்பையில், கரையில் கிடக்கிற புல்லில், அந்த மீன் எவ்வளவு நேரம் கிடக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை. 2025ல் வந்த ஓர் ஆய்வு, காற்றில் போடப்பட்ட டிரவுட் மீன் சராசரியாக 10 நிமிடம், சில சமயம் 20 நிமிடத்துக்கு மேலும், மிதமானதிலிருந்து கடுமையானது வரையிலான வலியில் இருக்கும் என்று கணக்குப் போட்டது. டிரவுட் குளிர்ந்த தண்ணீர் மீன், சீக்கிரம் அடங்கிவிடும். நம்மூர் விராலை எடுத்துக்கொள்ளுங்கள். அது மேலே வந்து காற்றைக் குடித்துத்தான் வாழ்கிற மீன், தண்ணீருக்குள்ளேயே அடைத்து வைத்தால்தான் செத்துப்போகும். ஈரம் இருந்தால் மணிக்கணக்கில் வெளியே கிடக்கும். காலையில் பிடித்த விரால் மத்தியானம் அருவாமனைக்கு முன்னால் வாயைத் திறந்து மூடிக்கொண்டு இருப்பதை மதுரைக்காரர்கள் பார்த்திருப்பீர்கள். ‘பாரு, எவ்வளவு ஃப்ரெஷ்ஷு’ என்று அதைப் பெருமையாகக் காட்டுவோம்.

ஐஸில் போட்டால் உடனே செத்துவிடும் என்பதும் தப்பு நம்பிக்கை. கொஞ்சம் பெரிய மீன் என்றால் குளிரில் உடம்பின் வேலை மந்தமாகி, சாவு தள்ளித்தான் போகும்.

அப்போ எப்படித்தான் கொல்வது?

ஈரத்துணியால் மீனை அழுத்திப் பிடித்து, கண்ணுக்குச் சற்றுப் பின்னால், மண்டையின் உச்சியில், கனமான கட்டையால் ஓங்கி ஒரு அடி. தேவைப்பட்டால் இன்னொன்று. தயங்கித் தயங்கித் தட்டுவதுதான் பாவம். கெளுத்திக்கு மண்டையோடு கெட்டி, அரைகுறை அடியெல்லாம் அதற்குப் போதாது.

அடங்கிவிட்டதா என்று எப்படித் தெரியும்? செவுள் மூடி அசைவது நிற்க வேண்டும். கண்ணையும் பாருங்கள். நினைவுள்ள மீனைப் பக்கவாட்டில் சாய்த்தால் உடம்பு சாயும், கண் மட்டும் எதிர்ப்பக்கம் உருண்டு பழைய நிலையிலேயே நிற்கப் பார்க்கும். நினைவு போய்விட்டால் கண் உடம்போடு சேர்ந்தே திரும்பும், பொம்மைக் கண் மாதிரி. ஒருமுறை பார்த்துவிட்டால் மறக்காது. அதற்கப்புறம் செவுளை அறுத்து ரத்தத்தை வடிய விடுங்கள். அடிக்காமல் நேரே தலையை அறுப்பது நல்லதில்லை. அறுத்த தலையிலும் மூளை கொஞ்ச நேரம் வேலை செய்யும், விலாங்கு மாதிரி மீன்களில் ரொம்ப நேரம்.

ஜப்பானில் கூர்மையான கம்பியை மூளையில் நேரே இறக்கி, ரத்தத்தை வடித்து, தண்டுவடத்தையும் அழிக்கிற இகெஜிமே என்ற முறை உண்டு. அவர்கள் அதை முக்கியமாக ருசிக்காகவே செய்கிறார்கள். திணறித் துடித்துச் சாகிற மீனின் சதையில் அமிலம் கூடிச் சீக்கிரம் கெட்டுப்போகிறது. இரக்கத்துக்காகச் செய்யாதவர்கள் குழம்புக்காகவாவது செய்யலாம்.

பிடித்துவிட்டு திரும்ப விட்டுவிட்டால் பாவமில்லையே?

இப்போது ரீல், ரப்பர் தவளை, கேமரா என்று வருகிற இளவட்டங்கள் இதைத்தான் சொல்கிறார்கள். சாப்பிடுவதற்காகப் பிடிக்கிற கிழவரைவிடத் தாங்கள் ஒரு படி மேல் என்ற நினைப்பும் கூட இருக்கிறது. நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். மீனுக்கு வலிக்கும் என்று வைத்துக்கொண்டால், சாப்பாட்டுக்காகப் பிடிக்கிறவரிடம் ஒரு காரணமாவது இருக்கிறது. விட்டுவிடுகிறவர் அந்த வலியைத் தன் பொழுதுபோக்குக்காகவே உண்டாக்குகிறார். சுவிட்சர்லாந்தில் 2008ல் வந்த விலங்குப் பாதுகாப்பு விதிகள் இந்த யோசனையில்தான், விட்டுவிடும் நோக்கத்தோடு தூண்டில் போடுவதையே தடை செய்தன. ஜெர்மனியிலும் நியாயமான காரணம் வேண்டும், உணவு அதற்குள் வரும், விளையாட்டு வருவது கஷ்டம்.

விட்ட மீனெல்லாம் பிழைப்பதும் இல்லை. பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2005ஆம் வருஷத் தொகுப்பு ஒன்றில், விடப்பட்ட மீன்களில் சராசரியாக நூற்றுக்கு 18 செத்திருந்தன. 1992ல் ஓர் ஆய்வில் டிரவுட் மீன்களைக் களைக்கக் களைக்க ஓட விட்டு, சிலவற்றை நேரே தண்ணீரிலும் சிலவற்றைக் காற்றில் பிடித்திருந்தும் விட்டார்கள். காற்றில் பிடிக்காதவற்றில் 12 சதவீதம் செத்தன, 30 நொடி பிடித்தவற்றில் 38, ஒரு நிமிஷம் பிடித்தவற்றில் 72. ஒரு நிமிஷம் என்பது மீனைத் தூக்கி, திருப்பி, சிரித்து, இரண்டு போட்டோ எடுக்கிற நேரம். மீன் நீந்திப் போனதைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவோம், அடுத்த நாள் அது எங்கே மிதக்கிறது என்று பார்க்க மாட்டோம்.

மறுபக்கமும் சொல்ல வேண்டும். காவிரியின் திமில் மஹ்சீர் என்ற மீன் 2018ல் அழியும் ஆபத்து மிக அதிகமுள்ள பட்டியலில் சேர்க்கப்பட்டது. கர்நாடகத்தில் பீமேஸ்வரி, கலிபோரே பக்கம் பிடித்து விடுகிற தூண்டில் முகாம்கள் நடந்த காலத்தில், வெடி வைக்கிறவர்களை அண்டவிடாமல் வைத்ததும், எந்த மீன் எவ்வளவு எடை என்று எழுதி வைத்ததும் அந்தத் தூண்டில்காரர்கள்தான். அந்தக் குறிப்புகள் இல்லையென்றால் அந்த மீன் குறைந்ததே வெளியே தெரிந்திருக்காது என்று சொல்லலாம். ஒவ்வொரு மீனாகப் பார்த்தால் வலி, இனமாகப் பார்த்தால் காவல். இரண்டையும் ஒரே தராசில் வைக்க எனக்குத் தெரியவில்லை. ஆனால் நம்ம கண்மாய் ஜிலேபி மீனுக்கு அந்த நியாயம் பொருந்தாது, அது எந்தக் காலத்திலும் அழியப் போவதில்லை.

விட்டே ஆக வேண்டும் என்றால்? குஞ்சு மாட்டிவிட்டால்?

கொக்கியின் எதிர்முள்ளைக் குறடால் நசுக்கி வையுங்கள், கழற்றுவது சுலபம். கையை நனைத்துக்கொண்டு, தண்ணீருக்குள்ளேயே வைத்துக் கழற்றுங்கள். முள்ளை விழுங்கியிருந்தால் தோண்டாதீர்கள், தங்கூசியை, அதாவது தூண்டில் இழையை, வாயோரமாக அறுத்து விட்டுவிடுங்கள், பிழைக்க அதில்தான் வாய்ப்பு அதிகம்.

விராலுக்கு உயிர்த் தவளையும் கெண்டைக் குஞ்சும் மாட்டுகிறோமே?

தூண்டில் வேலையிலேயே எனக்குப் பிடிக்காத பகுதி இதுதான். முதுகுத் தோலில் முள்ளைக் கோத்து, அது துடிக்க வேண்டும் என்பதற்காகவே உயிரோடு விடுகிறோம். விரால் அந்தத் துடிப்புக்குத்தான் வரும், தெரியும். மாட்டிய மீனின் வலி நாம் தவிர்க்கப் பார்க்கிற ஒன்று, இந்த இரையின் வலியோ நமக்குத் தேவையான பொருள், அதுதான் வித்தியாசம். ரப்பர் தவளை கடையில் கிடைக்கிறது, விராலும் அதைக் கவ்வுகிறது. இதற்கு மேல் என்ன சாக்கு?

மண்புழுவுக்கு?

குத்தினால் நெளிகிறது, உடம்பில் வலியைத் தணிக்கிற வகை ரசாயனங்களும் இருக்கின்றன. மீனுக்கு இருக்கிற அளவு சான்று அதற்கு இல்லை. மனசு கேட்கவில்லையென்றால் மைதா மாவு உருண்டை போதும், ஜிலேபியும் கெண்டையும் மாவுக்கு வரும். நண்டு, இறால் விஷயம் அப்படியில்லை. சான்றுகளைத் தொகுத்துப் பார்த்துவிட்டு பிரிட்டன் 2022ல் தன் சட்டத்திலேயே அவற்றையும் உணர்வுள்ள உயிர்கள் என்று சேர்த்துக்கொண்டது.

அயிரை மீன் குழம்பு?

இந்தக் கேள்வியை எல்லாரும் சிரித்துக்கொண்டேதான் கேட்கிறார்கள். மதுரையில் அயிரையைத் தொட்டால் ஊரே எதிர்க்கும். ஆனால் வலி என்று பேச ஆரம்பித்துவிட்டு இதை விட்டுப் போனால் யோக்கியம் இல்லை. அயிரை உயிரோடு இருந்தால்தான் விலை, செத்தது கசக்கும் என்பார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து பாலிலோ தேங்காய்ப் பாலிலோ விட்டால் வயிற்றில் இருக்கிற மண்ணைக் கக்கும். அப்புறம் மண்சட்டியில் போட்டு ஒரு கை கல் உப்பை அள்ளிப் போட்டதும் மூடியை அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் அடுப்படி முழுக்கத் துள்ளும். மூடிக்கு அடியில் மழை பெய்கிற மாதிரி சத்தம் கேட்கும். அது ஓய்ந்ததும் சட்டியின் சொரசொரப்பில் உரசி உரசி வழுவழுப்பைக் கழுவுவோம்.

தூண்டிலில் ஒரு மீன், ஒரு முள். ஒரு கிலோ அயிரையில் நூற்றுக்கணக்கில் இருக்கும், அத்தனையும் செவுளிலும் தோலிலும் உப்பு ஏறிச் சாகின்றன. குழம்பை விடச் சொல்லவில்லை, நானே விடவில்லை. முறையை மாற்றலாம். மண் போக வேண்டும் என்றால் நல்ல தண்ணீரில் சில மணி நேரம் விட்டாலே போய்விடும், இரண்டு தரம் தண்ணீர் மாற்றினால் இன்னும் சுத்தம். கொல்வதற்கு, பாத்திரம் நிறைய ஐஸ் போட்டு, மேலே கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, உறைகிற குளிர் வந்ததும் மீனை மொத்தமாகக் கொட்டுங்கள். பெரிய மீனுக்கு ஐஸ் ஆகாது என்று மேலே எழுதினேன். மிகச் சின்ன, வெப்பநாட்டு மீன்களுக்குக் கதை வேறு, உடம்பு சின்னது என்பதால் குளிர் சட்டென்று உள்ளே இறங்கிவிடும். ஆய்வகங்களில் வரிக்குதிரை மீனை இப்படிக் கொல்வதை ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். அயிரை அதைவிடக் கொஞ்சம் நீளம், ஆனாலும் உப்போடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ மேல். செவுள் அசைவு நின்று பத்து நிமிஷம் கழித்து உப்புப் போட்டு உரசுங்கள். எங்கள் வீட்டில் இப்படித்தான், குழம்பு ருசியில் ஒரு குறையும் இல்லை. அம்மா மட்டும் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

மீன்பிடித் திருவிழா?

மேலூர், சிங்கம்புணரி, கொட்டாம்பட்டிப் பக்கம் கோடையில் தண்ணீர் வற்றும்போது நடக்கும். ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டை வீசியதும் ஊத்தா, கச்சா, வலை, சேலை என்று கையில் கிடைத்ததோடு ஆயிரக்கணக்கில் சனம் இறங்கும். அடியில்லாத கூடை மாதிரி இருக்கிற ஊத்தாவைச் சேற்றில் ஓங்கிக் குத்தி, மேல்வாய் வழியாகக் கையை விட்டு மீனை எடுப்பது பார்க்கவே ஒரு வித்தை. பிடித்ததை விற்கக் கூடாது, வீட்டில் சமைக்க வேண்டும் என்பது பல ஊரில் கட்டுப்பாடு. சாதி பார்க்காமல் எல்லாரும் இறங்குவதும் உண்மை. அந்தத் தண்ணீர் இன்னும் இரண்டு வாரத்தில் வற்றிவிடும், மீன் எப்படியும் சேற்றில் திணறியோ கொக்குக்கு இரையாகியோதான் போகும். அதனால் திருவிழாவே கொடுமை என்று சொல்ல மாட்டேன். இடுப்பில் கட்டின பையில் மீன் மணிக்கணக்கில் கிடப்பதைத்தான் சொல்கிறேன். கரையேறியதும் ஒரு தட்டுத் தட்ட எவ்வளவு நேரம் ஆகும்?

நம்ம ஊர்ப் புராணத்திலேயே மீன் பிடிப்பது பாவம் என்று இருக்கிறதே?

நாரைக்கு முத்தி கொடுத்த திருவிளையாடலைச் சொல்கிறீர்கள். முனிவர்கள் குளித்த குளத்து மீனைத் தின்ன மனம் வராத ஒரு நாரை, மதுரையின் பெருமையைக் கேட்டுப் பொற்றாமரைக் குளத்துக்கு வந்து, பசியோடு இருந்தும் கண்ணெதிரே துள்ளிய மீனைத் தொடாமல் இருந்தது. சொக்கநாதர் வரம் கேள் என்றபோது, இந்தக் குளத்தில் மீனே இருக்கக் கூடாது, இருந்தால் என் இனம் தின்று பாவத்தைச் சேர்க்கும் என்று கேட்டதாம். எனக்கு ரொம்பப் பிடித்த கதை. நாரைகளைத் திருத்து என்று அது கேட்கவில்லை, தன் சாதிக்கு முன்னால் மீன் துள்ளினால் என்ன ஆகும் என்று அதற்குத் தெரியும். கொல்லாமை பேசிய சமணர்கள் கீழக்குயில்குடி மலையிலும் யானைமலையிலும் இருந்த ஊர் இது. மீனைக் கொடியில் பறக்கவிட்ட பாண்டியன் ஊரும் இதுதான். இந்த வாதம் இங்கே நேற்று தொடங்கவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தில் ‘விலங்கு’ என்றால் மனிதன் தவிர்த்த எந்த உயிரும், அதனால் மீனும் அதற்குள் அடக்கம். ஜல்லிக்கட்டுக்காக ஊரே தெருவில் நின்றோமே, அதே சட்டம்தான். உணவுக்காகக் கொல்வதற்கு விலக்கு உண்டு, தேவையில்லாத துன்பம் கொடுக்காமல் இருந்தால். முதல் தடவைக் குற்றத்துக்கு அபராதம் 10 முதல் 50 ரூபாய் என்று எழுதி வைத்திருக்கிறார்கள், கொக்கியே அதைவிட விலை. வெடி வைப்பதும் தண்ணீரில் விஷம் கலப்பதும் 1897லிருந்தே குற்றம். வைகை உற்பத்தியாகிற வருசநாடு, மேகமலைக் காட்டுப்பகுதி இப்போது புலிகள் காப்பகம், அங்கே தூண்டிலோடு போய் மாட்டிக்கொள்ளாதீர்கள். ஊர்க் கண்மாயில் மீன்பாசி, அதாவது மீன்பிடி உரிமை, ஏலம் போயிருந்தால் குத்தகைதாரரைக் கேட்டுவிட்டு உட்காருங்கள், இல்லையென்றால் வலி உங்களுக்குத்தான்.

கடல்மீன் வாங்கிச் சாப்பிடுகிறவர்கள் தூண்டில்காரனைத் திட்டலாமா?

திட்டலாம், ஆனால் கணக்கைப் பார்த்துவிட்டுத் திட்டட்டும். உலகத்தில் வருஷத்துக்கு ஒரு லட்சம் கோடியிலிருந்து இரண்டு லட்சம் கோடிக்கும் மேல் மீன்கள் இயற்கை நீரிலிருந்து பிடிபடுவதாக மதிப்பிடுகிறார்கள். பெரும்பாலும் வலையில் நசுங்கி, திணறி, ஐஸில் கிடந்து சாகிறவை. ராமேஸ்வரத்திலிருந்து வந்து மார்க்கெட்டில் அடுக்கியிருக்கிற சங்கராவும் சாளையும் அப்படி வந்தவைதான். தூண்டிலில் வந்த மீன் ஒன்றுக்காவது அடித்தவன் யார் என்று தெரியும்.

என் பையன் தூண்டில் பழக ஆசைப்படுகிறான். கூட்டிக்கொண்டு போகலாமா அண்ணே?

கூட்டிக்கொண்டு போங்கள். ‘மீனுக்கு வலிக்குமாப்பா’ என்று கேட்டால் ‘வலிக்காதுடா’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். கட்டையையும் கையோடு எடுத்துப் போங்கள், முதல் மீனை நீங்கள் அடங்கச் செய்வதை அவன் பார்க்கட்டும். அதைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். எத்தனை மீன் தேவையோ அத்தனை வந்ததும் தூண்டிலைச் சுருட்டுகிற பழக்கத்தை முதல் நாளே கொடுத்துவிடுங்கள், அப்புறம் வராது.

கெளுத்தி முள் குத்திவிட்டது, கடுகடு என்று வலிக்கிறது, என்ன செய்வது?

கை பொறுக்கிற சூட்டில், சுமார் 45 டிகிரிக்குள், வெந்நீரில் அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் முக்கி வையுங்கள், அந்த விஷம் சூட்டில் செயலிழக்கும். வலியில் சூடு சரியாகத் தெரியாது, அதனால் தண்ணீரை இன்னொரு கையால் தொட்டுப் பார்த்துவிட்டு முக்குங்கள். முள் உள்ளே முறிந்திருந்தாலோ வீக்கம் ஏறினாலோ ஆஸ்பத்திரிக்குப் போங்கள், டிடி ஊசியும் போட்டுக்கொள்ளுங்கள். சுண்ணாம்பு, பெட்ரோல் எல்லாம் வேண்டாம்.